மறு: மறு: ரிவர்ஸ் ஸ்விங்குக்குத் தமிழ்ச்சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

பாகிஸ்தானின் தலைசிறந்த டெஸ்ட் பந்துவீச்சாளர்கள் பற்றிய கட்டுரையைத் தமிழில் தொகுத்துவருகிறோம். ஃபசல் மஹ்மூத் (34 டெஸ்ட், 139 விக்கெட்), அப்துல் காதிர் (67 டெஸ்ட், 236 விக்கெட்) வரை சிக்கல் இல்லை. இம்ரான் கான் (88 டெஸ்ட், 362), வாசிம் அக்ரம் (104 டெஸ்ட், 414), வக்கார் யூனிஸ் (87 டெஸ்ட், 373) என்று வந்ததும் ரிவர்ஸ் ஸ்விங் (பந்து வழக்கமான ஸ்விங்குக்கு எதிர்ப்பக்கமாகக் காற்றில் வளைவது) இல்லாமல் ஒரு பத்திகூட நகரவில்லை. தலைகீழ் ஊசல், எதிர் ஊசல், எதிர்வளைவு என மூன்று சொற்கள் கைவசம் இருக்கின்றன. எதை வைக்கலாம்?

——

> தலைகீழ் ஊசல், எதிர் ஊசல்

ஊசல் வேண்டாம், ஐயா. ஊசல் என்றாலே இப்படியும் அப்படியும் போய்வருவது. ஸ்விங் ஆகும் பந்து போய்வருவதில்லை. ஒரே பக்கமாக வளைந்து போகிறது. அடிச்சொல் ‘வளைவு’ என்றே இருக்கட்டும். உள்ளே வந்தால் உள்வளைவு, வெளியே போனால் வெளிவளைவு. இவற்றைக் காற்றில் நடப்பதற்கு மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். பிட்ச்சில் பட்ட பிறகு நடப்பது வேறு. ஃபசல் மஹ்மூத் 1954இல் ஓவலில் 99 ரன்னுக்கு 12 விக்கெட் எடுத்தார். அவருடைய பெரிய ஆயுதம் லெக் கட்டர். பந்தின் நடுவே ஓடும் தையலை விரலால் வெட்டி இழுத்து, தரையில் பட்டதும் விலகவைக்கும் பந்து அது. முகமது ஆசிஃப் (23 டெஸ்ட், 106 விக்கெட்) பந்தைத் தையல் மேல் விழச்செய்து இரு பக்கமும் நகர்த்தியதும் பிட்ச்சில் நடந்த வேலைதான். இவற்றை வளைவு என்று எழுதினால் கட்டுரை முழுக்கக் குழம்பும்.

அடுத்து, ரிவர்ஸ் என்றால் எதற்கு எதிர்? இதைத் தீர்க்காமல் சொல் அமையாது. தையல் காட்டும் திசைக்கு எதிர் என்பதே என் விடை.

புதுப் பந்தில் வெளிவளைவுக்குத் தையலை முதல் ஸ்லிப்பை (விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர்) நோக்கி ஏறக்குறைய 20 பாகை சாய்க்கிறார்கள். சாய்ந்த தையல் மேடு, பந்தை ஒட்டி ஓடும் காற்றுப் படலத்தைத் தன் பக்கத்தில் கலக்கிவிடுகிறது. கலங்கிய படலம் பந்தோடு கூடுதல் நேரம் ஒட்டிக்கொண்டு வரும். மறுபக்கம் வழுவழுப்பாக இருப்பதால் அங்கே படலம் சீக்கிரம் பிரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வால் பந்து தையல் காட்டும் பக்கமே போகிறது.

ரிவர்ஸில் இரண்டு பக்கப் படலமும், தையலைத் தொடுவதற்கு முன்பே, கலங்கிவிடுகின்றன. அப்போது தையல் மேடு செய்யும் வேலை தலைமாறுகிறது. ஏற்கெனவே கலங்கிய படலத்தை அது தடிமனாக்கித் தளரவிடுகிறது. அதனால் தையல் பக்கமே முதலில் பிரிகிறது. தையல் ஸ்லிப்பைப் பார்த்தபடி வரும் பந்து மட்டையாளரின் கால்விரலை நோக்கிப் பாய்வது இதனால்தான்.

‘பழம்பந்து வளைவு’ என்று யாரேனும் முன்மொழிந்தால் அதுவும் பொருந்தாது. மணிக்குச் சுமார் 145 கி.மீ.க்கு மேல் வீசினால் புதுப் பந்தே இப்படிப் போகும். பந்து சொரசொரப்பாக ஆக அந்த வேக வரம்பு கீழிறங்குகிறது, அவ்வளவுதான்.

——

விளக்கத்துக்கு நன்றி. ‘எதிர்வளைவு’ என்றே முடித்துவிடலாமா? இன்னொன்று: 1992 இங்கிலாந்துத் தொடருக்குப் பிறகு இந்தச் சொல்லோடு பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டது. கலைச்சொல்லில் அதற்கு இடம் வேண்டுமா?

——

இரண்டாவது கேள்விக்கு முதலில். கூடவே கூடாது. அந்தத் தொடரில் வக்கார் 22, வாசிம் 21 விக்கெட் எடுத்தார்கள். 2005 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்தின் ஃபிளின்டாஃப்பும் சைமன் ஜோன்ஸும் இதே வித்தையைக் காட்டியபோது உலகமே அதைக் கலை என்று கொண்டாடியது. பாகிஸ்தானியர் செய்தால் சந்தேகம், மற்றவர் செய்தால் கலை என்ற பாகுபாடு நம் சொல்லுக்குள் நுழையக் கூடாது. பந்தைச் சேதப்படுத்துவதற்கு ‘பந்துச் சிதைப்பு’ என்று தனிப்பதிவு போடுங்கள்.

விதிக்கு உட்பட்டே பந்தை எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்பதைக் கட்டுரையில் விரிவாக எழுதுவது அவசியம். ஒரு பக்கத்தை மட்டும் துணியில் தேய்த்து, வியர்வை தொட்டு மெருகேற்றுவார்கள் (எச்சிலுக்கு 2020இல் தற்காலிகத் தடை வந்து 2022இல் நிரந்தரமானது). மறுபக்கம் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். அணியில் ஒருவரோ இருவரோதான் பந்தைப் பராமரிப்பார்கள். மற்றவர்கள் விரல்நுனியில் பிடித்துத் தையல்மேல் வைத்துக் கைமாற்றுவார்கள். ஒரே ஒருவரின் ஈரக் கை சொரசொரப்பான பக்கத்தில் பட்டாலும் அதுவரை பட்ட பாடு வீண். பனி விழுந்த புல்தரையில் பந்து உருண்டாலும் அதே கதிதான். பாகிஸ்தானின் காய்ந்த, கரடுமுரடான ஆடுகளங்களில் 40 ஓவருக்குள் ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்துவிடும். அதனால்தான் 80 ஓவர் முடிந்து புதுப் பந்து கிடைக்கும் நேரத்திலும் அதை வாங்காமல் பழையதிலேயே வீசுவார்கள். தையலும் நிமிர்ந்தே வர வேண்டும். தள்ளாடினால் வளைவே இராது.

> ‘எதிர்வளைவு’ என்றே முடித்துவிடலாமா?

எனக்கு ஒரு தயக்கம். சாலையில் இடப்பக்கம் வளைந்து உடனே வலப்பக்கம் வளையும் இடத்தைப் பார்த்து ‘எதிர்வளைவு’ என்று சொல்லத் தோன்றும். ரிவர்ஸ் ஸ்விங்கைப் பற்றி ரசிகர்களிடையே உள்ள தவறான எண்ணமும் அதுவே: பந்து முதலில் வெளியே போய், பாதியில் மனம் மாறி உள்ளே வருகிறதாம். அப்படி நடப்பதில்லை. பக்கவிசை ஒரே திசையில்தான் இருக்கிறது. விசை சீராக இருந்தால், பறக்கும் நேரத்தின் முதல் பாதியில் மொத்த விலகலில் காற்பங்குதான் வெளிப்படும்; மீதி முக்காற்பங்கு பின்பாதியில் வரும். 140 கி.மீ. வேகத்தில் முழுப் பயணமே ஏறக்குறைய அரை நொடி. அந்தக் கடைசிக் கால் நொடியில்தான் மட்டையாளர் விலகலையே காண்கிறார். ‘திடீரென்று திரும்பியது’ என்ற தோற்றம் இதனால் வருகிறது.

ஆகவே ‘முரண்வளைவு’ என்று வைப்போம். பந்து தன் தையலோடு முரண்படுகிறது. தன் பாதையோடு அல்ல. புழக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

“1982 டிசம்பரில் கராச்சியில் இம்ரான் 60 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார், பந்து முரண்வளைந்துகொண்டே இருந்தது.”

“இடக்கையால் வீசிய வாசிம், ஸ்டம்பின் இரு புறமிருந்தும் முரண் உள்வளைவையும் முரண் வெளிவளைவையும் வீசினார்.”

“1999 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஷோயப் அக்தரின் முரண்வளைந்த யார்க்கர்கள் (மட்டையாளரின் காலடியில் விழும் பந்துகள்) அடுத்தடுத்த பந்துகளில் திராவிடையும் டெண்டுல்கரையும் கிளீன் போல்டாக்கின.”

வினையாகிறது, பெயரெச்சமாகிறது, உள்–வெளியோடும் ஒட்டுகிறது. ‘எதிர் உள்வளைவு’ என்று எழுதினால் உள்வளைவுக்கு எதிரானது, அதாவது வெளிவளைவு, என்றுதான் படிக்கத் தோன்றும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

——

முரண்வளைவுக்கு என் வாக்கும் உண்டு. உள்–வெளி இரண்டும் மட்டையாளரை வைத்துச் சொல்லப்படுபவை, முரண் தையலை வைத்துச் சொல்லப்படுவது என்று பதிவில் ஒரு வரி சேருங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு உள்வளைவாக வரும் பந்து இடக்கை ஆட்டக்காரருக்கு வெளிவளைவு. முரண் என்பது இருவருக்கும் மாறாது.

சர்ஃப்ராஸ் நவாஸ் பெயர் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. இம்ரானுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 1979 மார்ச்சில் மெல்போர்னில் 382 தேவை என்ற நிலையில் 3 விக்கெட்டுக்கு 305 எடுத்திருந்த ஆஸ்திரேலியாவை 310க்குள் சுருட்டினார்: 33 பந்து, 1 ரன், 7 விக்கெட். இன்னிங்ஸில் 86 ரன்னுக்கு 9. மொத்த விக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் இவர் எப்போதும் காணாமல் போவார்.

ஆஃப் ஸ்பின்னர் சக்லைன் முஷ்டாக் பத்தியில் தூஸ்ராவை (ஆஃப் ஸ்பின்னர் வீசினாலும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) மொழிபெயர்க்க வேண்டாம். விக்கெட் கீப்பர் மொயின் கான் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து உருதுவில் கூவிக் கேட்டே நிலைத்த பெயர் அது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் சக்லைன் 10 விக்கெட் எடுத்து, பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தூஸ்ரா என்றாலே தமிழ் ரசிகருக்குப் புரியும். கூக்ளி, யார்க்கர் இரண்டும் அப்படியே இருக்கட்டும். லெக் கட்டருக்கு ‘வெட்டுப்பந்து’ என்று எழுதலாமா, அல்லது மட்டையாளரின் கட் ஷாட்டோடு குழம்புமா என்பதை அடுத்த மடலில் பேசுவோம்.