கோவிட் முதியவர்களுக்கு ட்ரக்கியாஸ்டமி: மனதை விட்டுப் போகாத ஒரு கணம்

பதிவு 1 (மயக்க மருந்துப் பிரிவு)
74 வயதுப் பெரியவர், வாய்வழியே மூச்சு டியூப் போட்டு 16ஆம் நாள். வென்டிலேட்டரில் ஆக்சிஜன் 50 சதவீதம், பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 10. காகிதத்தில் பார்த்தால் ட்ரக்கி (ட்ரக்கியாஸ்டமி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் டியூப் வைப்பது) செய்யலாம். வைரஸ் கலந்த காற்று முகத்தில் அடிக்கக் கூடாதென்று வென்டிலேட்டரை நிறுத்தியாயிற்று. 20 நொடிதான், 94 இருந்த சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) 71. மானிட்டர் ஒலியின் சுருதி இறங்கிக்கொண்டே போனது இன்னும் காதில் நிற்கிறது. கோவிட் நுரையீரலுக்குக் கையிருப்பு கிடையாது. அழுத்தம் விட்டதும் காற்றறைகள் மூடிக்கொள்ளும். கத்தி எடுப்பதற்கு முன்பே 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். தாங்கவில்லையென்றால் அன்று வேண்டாம்.

பதிவு 2 (காது மூக்கு தொண்டை)
டாக்டர், அவ்வளவு முன்னதாக ஏன் நிறுத்தினீர்கள்? வாய்வழி டியூபைத் தள்ளி, அதன் கஃபை (நுனியருகே உள்ள காற்றடைத்த பலூன்) வெட்டுமிடத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் மூச்சுக்குழாய்ச் சுவர் தெரியும்வரை வென்டிலேட்டர் ஓடலாம். தசை தளர்த்தும் மருந்து முழு அளவில் வேண்டும். ஒரு இருமல் வந்தால் எல்லாம் வீண்.

எனக்கு உறுத்துவது வேறு. வயதானவர்களுக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் சுண்ணாம்பேறி இறுகியிருக்கும். துளையை விரிக்கும் டைலேட்டர் ஏறும்போது 'டக்' என்று கையில் தெரியும், வளையம் உடைந்துவிட்டது. கூன் முதுகென்றால் தோளுக்கடியில் எவ்வளவு துணி வைத்தாலும் கழுத்து நிமிராது. அவர்களுக்கு டைலேட்டர் வேண்டாம், கத்தியால் திறந்து செய்வதே மேல். மார்பெலும்புக் குழியில் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள்.

பதிவு 3 (ஐ.சி.யூ செவிலியர்)
போடுவதையே பேசுகிறீர்கள். ட்ரக்கி போட்ட 4ஆம் நாள், நோயாளியைப் புரட்டும்போது டியூப் கழன்று வந்தது. பார்ப்பவர் கை தானாகவே அதைத் திருப்பிச் செருகப் போகும். முதல் 7 நாளில் வழி பதிந்திருக்காது. டியூப் தசைக்குள் போகும், கேப்னோகிராஃபில் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலை வராது, கழுத்து உப்பும். முகத்திலும் துளையிலும் ஆக்சிஜன் கொடுங்கள். மாஸ்க்கால் ஊத வேண்டுமென்றால் துளையைக் காஸ் வைத்து மூடுங்கள். பிறகு வாய்வழியே டியூப்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புரட்டும்போது ஒருவர் டியூபை மட்டும் பிடிக்க வேண்டும், வேறு வேலை கூடாது. கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர்; விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லாதீர்கள், அழுத்தம் அளக்கும் மானோமீட்டர் வையுங்கள். 8 நம்பர் டியூபுக்குச் சளி உறிஞ்ச 12 பிரெஞ்ச் சக்‌ஷன் கதீட்டர், 10 நொடிக்கு மேல் உள்ளே வேண்டாம். கோவிட் சளி பசைபோல் ஒட்டும். சக்‌ஷன் கதீட்டர் இறங்க மறுத்தால் முதலில் உள்ளே செருகியிருக்கும் இன்னர் டியூபைக் கழற்றிப் பாருங்கள், அடைப்பு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஃபில்டர் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

பதிவு 4 (பேச்சுப் பயிற்சி)
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. பேச்சு வால்வு (மூச்சை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு; வெளிமூச்சு குரல்வளை வழியே போகும்) மாட்டுமுன் கஃப் காற்றை சிரிஞ்சால் முழுவதும் இழுத்துவிடுங்கள். இழுக்காமல் மாட்டினால் மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. நெஞ்சு ஏறியபடியே நிற்கும், கண்கள் பிதுங்கும். வால்வை உடனே பிடுங்குங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.