எமிலி வைல்ட் இரண்டாம் பாகம்: படித்து முடித்தவர்கள் இங்கே எழுதலாம்

தேவதைகளை ஆராயும் கேம்பிரிட்ஜ் பேராசிரியை எமிலியைப் பற்றிய ஹீதர் ஃபாசெட்டின் எமிலி வைல்ட் வரிசையில் முதல் நாவல் 2023 ஜனவரியில் வந்தது, இரண்டாவது ('மேப் ஆஃப் தி அதர்லேண்ட்ஸ்') ஒரு வருடம் கழித்து, 2024 ஜனவரியில். இது இரண்டாவதற்கான இழை. முக்கியத் திருப்பங்களை உடைக்க வேண்டாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. முதல் பாகத்தைப் படித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் நேரே இரண்டாவதற்குள் போகாதீர்கள். முதல் பாகத்தின் கடைசி 50 பக்கங்களையாவது ஒருமுறை புரட்டிவிடுங்கள். எமிலியோடு வேலை பார்க்கும் வென்டெல் உண்மையில் யார், அவன் எந்த நாட்டை இழந்தவன், கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டு ஏன் பதிலுக்குக் காத்திருக்கிறான், ஷேடோ என்ற நாய் உண்மையில் என்ன: இந்த நான்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் கதை 1910 செப்டம்பரில் தொடங்குகிறது. நினைவூட்டல் உண்டு, ஆனால் போகிறபோக்கில் அரை வரிதான்.

*

தேதி விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் குழம்புவது அங்கேதான். இது நாட்குறிப்பு வடிவம். மேலே இருக்கும் தேதி எமிலி உட்கார்ந்து எழுதிய நாள். சம்பவம் முந்தைய நாள் நடந்திருக்கலாம், இரண்டு நாள் முன்பும் நடந்திருக்கலாம். தேவதை உலகத்துக்குள் காலம் வேறு மாதிரி ஓடும் என்பதையும் இதோடு சேர்த்தால், தேதியைத் தாண்டிப் போகிறவருக்கு "இவள் எப்போது அங்கே போனாள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

ஒரு அரைத்தாள் போதும். இடது ஓரத்தில் தேதி, நடுவில் இடம், வலது ஓரத்தில் எந்தக் கதவு. ஆஸ்திரிய ஆல்ப்ஸில் செயின்ட் லீசெல் என்ற கற்பனைக் கிராமத்தைச் சுற்றித்தான் கதை. பல தேவதை நாடுகளுக்குத் திறக்கும் ஒரு வாசலை அங்கே தேடுகிறார்கள். அதே வாசலைத் தேடிப்போய்க் காணாமல் போன டி கிரே என்ற ஆய்வாளர், அவரைத் தேடிப்போய்க் காணாமல் போன ஐக்கார்ன் என்ற இன்னொருவர் என்று பழைய சரடுகள் இரண்டு உண்டு. அந்த இருவரையும் தாளின் பின்பக்கத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். நிகழ்காலத்தோடு கலந்தால் பாதியில் தலை சுற்றும்.

*

அடிக்குறிப்புகளைத் தள்ளிவிட்டு "கதை மெதுவாகப் போகிறது" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை. கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது. மேலே எமிலி வறட்டுப் பேராசிரியராகப் பேசுவாள், கீழே ஒரு கிராமத்துக் கதையைச் சொல்லி, அதைத் தவறாகப் புரிந்துகொண்ட சக ஆய்வாளரை நாசூக்காகக் குத்துவாள். நகைச்சுவை முக்கால்வாசி அந்தச் சின்ன எழுத்தில்தான்.

அச்சுப் புத்தகத்தில் சிக்கலே இல்லை, அதே பக்கத்தின் அடியில் இருக்கும். மின்நூலில் எண்ணைத் தொட்டால் சின்னப் பெட்டி திறக்கும். குறிப்பு நீளமானால் பெட்டிக்குள் பாதியில் வெட்டுப்படும், அப்போது குறிப்புக்கே தாவிப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒலிநூல் இரண்டாவது வாசிப்புக்குச் சரி. முதல் தடவையே காதால் கேட்டால் எது வாக்கியம், எது குறிப்பு என்று பிரிக்கவே கவனம் போய்விடும்.

*

உச்சரிப்பு கேட்டவருக்கு: ஐரிஷ் தேவதைகளைக் குறிக்கும் Sidhe என்ற சொல்லுக்கு 'ஷீ' என்பதுதான் சரி, எழுத்தில் எப்படித் தெரிந்தாலும். ஐரிஷ் மொழியில் அந்த 'டி'யும் 'ஹெச்'சும் சேர்ந்தால் அங்கே ஒலி கிடையாது. Niamh என்ற பெயரும் அப்படித்தான்: நியாம் இல்லை, நீவ். வென்டெலின் நாடான சில்வா லூபி லத்தீன், 'ஓநாயின் காடு'. முதல் பாகத்து ஊரான ஹ்ரஃப்ன்ஸ்வீக்கின் பெயர் ஐஸ்லாந்து மொழிச் சாயல். ஹ்ரஃப்ன் அண்டங்காக்கை, வீக் விரிகுடா. அந்த ஊர் இருக்கும் நாட்டை யோஸ்லாந்து என்று சொல்லி 'ல'வை விழுங்கிவிடாதீர்கள், லியோஸ்லாந்து. 'லியோஸ்' என்றால் ஒளி.

தமிழில் எழுதும்போது 'தேவதை' என்ற சொல்தான் தொல்லை. நமக்குத் தேவதை என்றால் வரம் கொடுப்பவள். இந்தக் கதையில் வருபவை வாக்குக் கொடுத்து வார்த்தையிலேயே மாட்டவைப்பவை. சிறு வகையினருக்குக் குட்டிச்சாத்தான் என்ற சொல் இன்னும் நெருக்கம்: சோறு வைத்தால் வேலை செய்யும், மனம் கோணினால் வீட்டைக் கலைக்கும்.

*

கதையில் தேவதைகளுக்கு இரு பிரிவு உண்டு, அது ஆசிரியர் காற்றில் பிடித்ததல்ல. அரசவை வகை, எளிய வகை என்று எமிலி பிரிப்பதற்குப் பக்கத்தில், கூட்டமாகத் திரிபவை, தனித்து வாழ்பவை என்று 1888இல் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் தன் ஐரிஷ் கதைத் தொகுப்பில் பிரித்ததை வைத்துப் பாருங்கள். ஷேடோவுக்கும் முன்னோர் உண்டு. கிழக்கு இங்கிலாந்தின் கறுப்பு நாய்க் கதைகளில் பேர்போனது 1577இல் பங்கே ஊர் தேவாலயத்துக்குள் புகுந்ததாகச் சொல்லப்படுவது.

இதெல்லாம் தெரியாமலும் படிக்கலாம். ஆனால் இரும்பு, உள்வெளியாகத் திருப்பிப் போட்ட சட்டை, தேவதைகள் தரும் சாப்பாட்டைத் தொடாமை: நாட்டார் கதைகளின் இந்த மூன்று காப்பும் தெரிந்திருந்தால், எமிலி எந்த இடத்தில் தெரிந்தே விதியை வளைக்கிறாள் என்பது சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று. எமிலி கேம்பிரிட்ஜ் பேராசிரியை, ஆனால் நிஜத்தில் 1910இல் கேம்பிரிட்ஜில் பெண் பேராசிரியர் கிடையாது. முதல் பெண் பேராசிரியர் டோரதி கேராட், 1939இல்தான். பெண்களுக்கு முழுப் பட்டம் 1948இல். ஆகவே இது நம் 1910 அல்ல. "வரலாற்றுப் பிழை" என்று விமர்சனம் எழுதுமுன் இதைக் கணக்கில் எடுங்கள்.

*

'இதமான' புத்தகம் என்று நம்பி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் பாகத்தின் பனிக்கிராமம், அடுப்படி, ரொட்டி வாசனை இதில் குறைவு. ஆட்கள் கூடிவிட்டார்கள். எமிலியின் அண்ணன் மகள் அரியாட்னி, துறைத்தலைவர் ரோஸ் இருவரும் பயணத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். கொலை முயற்சியும் நஞ்சும் ஆரம்பத்திலேயே வந்துவிடும். ஊர்க்காரர்களோடு மெல்லப் பழகும் பகுதி சுருங்கிவிட்டது, எனக்கு அதுதான் குறை. ரோஸ் அந்தக் குறையைப் பாதி ஈடுகட்டுகிறார். எமிலிக்குச் சரிக்குச் சமமாக வாதாட முதல் பாகத்தில் அப்படி ஒரு கிழவர் இல்லை.

*

மூன்றாவது 2025 பிப்ரவரியில் வந்துவிட்டது. பெரும்பகுதி வென்டெலின் நாட்டில்தான். அந்த அரைத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.