‘ஆர்டர் ஃபுல்ஃபில்மென்ட்’டுக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

குன்னூர், தைலம் காய்ச்சுபவர்:
வணக்கம். எங்கள் நீலகிரித் தைலத்துக்கும் தேயிலைக்கும் இணையதளத்திலும் போனிலும் ஆர்டர் வருகிறது. இதுவரை நோட்டில் குறித்து, முகவரியைக் கையால் எழுதி அனுப்பினோம். இப்போது ஷிப்பிங் மென்பொருள் போட்டிருக்கிறோம். எல்லா ஆர்டரும் ஒரே திரையில் விழும், எந்தக் கூரியர் மலிவு என்று காட்டும், லேபிளும் அச்சாகும். பேக்கிங்கில் இருக்கும் பெண்களுக்காகத் திரையைத் தமிழில் மாற்றினால் ‘கப்பல் முடிந்தது’ என்கிறது. குன்னூருக்குக் கப்பல் எப்போது வந்தது என்று ஒரே சிரிப்பு. ஆர்டரை எடுத்துக் கட்டி அனுப்பி முடிக்கும் இந்த ‘ஆர்டர் ஃபுல்ஃபில்மென்ட்’ வேலைக்கு நல்ல சொல் தாருங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
‘ஆர்டர் நிறைவேற்றம்’. எல்லாருக்கும் புரியும்.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘ஆர்டர்’ எதற்கம்மா? ‘கேட்பு ஈடேற்றம்’ எனலாம். பட்டினப்பாலையில் சோழர் சுங்கத்தில் ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ என்று வருகிறது. சரக்கின் மேல் புலி முத்திரை குத்தி வெளியே அனுப்புவது. அதுதான் லேபிள், ‘பொறி’ என்றே வையுங்கள். அடுத்த அடிகளில் ‘பொதி மூடை’யும் இருக்கிறது, பார்சலுக்கு ‘பொதி’. பெட்டியை எந்த வழியில் விடுவது என்று தேர்வதற்கு ‘ஆற்றுப்படுத்தல்’.

உதகை நிரலாளர்:
ஐயா, பொறி என்றால் எலிதான் நினைவுக்கு வரும். பொதியோடு கழுதையும் வந்துவிடும்.

யாழ்ப்பாணம்:
எங்கட பக்கம் ஆற்றுப்படுத்தல் எண்டால் உளவளத் துணை. தைலப் போத்தலுக்கு மனக்கவலை ஒண்டுமில்லை.

உதகை நிரலாளர்:
முதலில் ‘வால்யூமெட்ரிக் வெயிட்’டுக்கு, அதாவது பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் எடைக்கு, சொல் வையுங்கள், காசு போவது அங்கேதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பல கூரியர்கள் 5000 ஆல் வகுப்பார்கள். 30, 20, 20 பெட்டியில் அரைக் கிலோ தேயிலை வைத்தால் 2.4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

கொடைக்கானல்:
பருமனெடை. சேர்த்தே எழுதவும்.

கோத்தகிரி ஆசிரியை:
பிரித்தே எழுதவும். படிக்கிறவர்களுக்குக் கண் வலிக்கும்.

குன்னூர்:
என் தலைவலி வேறு. லேபிள் அச்சானதுமே மென்பொருள் ‘நிறைவேறியது’ என்று போட்டு, வாங்குபவருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுகிறது. மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து கூரியர் வண்டி மேலே வராது. தைலம் தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானத்துக்கும் கொடுக்க முடியாது. பெட்டி எங்கள் திண்ணையில் கிடக்கும், அவர் போனில் ‘அனுப்பியாச்சு’ என்றிருக்கும். அப்புறம் வசவு வாங்குவது போன் எடுக்கும் பெண்.

உதகை நிரலாளர்:
அப்படியானால் ஒரே சொல் எப்படிப் போதும்? சரக்கை அலமாரியிலிருந்து எடுத்தது ஒன்று, கட்டியது ஒன்று, லேபிள் ஒட்டியது ஒன்று, கூரியர்காரர் ஸ்கேன் செய்து வாங்கிக்கொண்டது ஒன்று. குறுஞ்செய்தியைக் கடைசி நிலைக்குத் தள்ளுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அமைப்புகளிலேயே மாற்றலாம்.

குன்னூர்:
எங்கள் பெண்களிடமே கேட்டேன். வீட்டில் படுக மொழி, இங்கே தமிழ். லேபிள் ஒட்டியதை ‘ஒட்டியாச்சு’ என்கிறார்கள், கூரியர் எடுத்துப் போனதை ‘வண்டி ஏறியாச்சு’ என்கிறார்கள். ‘நிறைவேறியது’ என்றால் எது நிறைவேறியது என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
சரி, பிரிவின் பெயர் ‘அனுப்புகை’, கடைசிப் பொத்தான் ‘வண்டியேறியது’. நான், குன்னூர், உதகை, யாழ்ப்பாணம் நால்வரும் இதற்கு உடன்பாடு என்று வைத்துக்கொள்கிறேன். இனி என்னால் முடியாது, விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

கொடைக்கானல்:
வள்ளுவர் ‘சாகாடு’ தந்திருக்க, வண்டி எதற்கு? ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’. பாரம் மிகுந்தால் அச்சு முறியும் என்ற குறள் உங்கள் எடைக் கட்டணத்துக்கும் பொருந்தும். ‘சாகாடேறியது’.

கோத்தகிரி ஆசிரியை:
ஐயா, சுடுகாடு என்று படிப்பார்கள்.

கொடைக்கானல்:
பழகட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘பொறி’யை நான் இன்னும் கைவிடவில்லை.