சிவாஜிக்கு முதல் படத்துல பாடுனது நம்ம கடலூர் மாவட்டத்து ஆளு: பழைய பாட்டு அனுபவம் இருக்கறவங்க எழுதுங்க

திருப்பாப்புலியூர் தம்பி:
சிவாஜியோட முதல் படம் பராசக்தி, 1952. அதுல "கா கா கா" பாடுனது யாருன்னு கேளுங்க, கடலூர்லயே முக்காவாசி பேரு யோசிக்காம டி.எம்.எஸ்.னு சொல்லுவாங்க. கெடையாது. சி.எஸ்.ஜெயராமன், சிதம்பரத்துக்காரரு. அதே படத்துல பாரதியோட "நெஞ்சு பொறுக்குதில்லையே"வும் அவருதான். டி.எம்.எஸ். சிவாஜிக்கு பாட வந்தது 1954ல தூக்குத் தூக்கியில, அப்புறம்தான் அந்த ஜோடிய பிரிக்கவே முடியாம போச்சி, அதனால ஜெயராமனை ஜனங்க மறந்துட்டாங்க.

எனக்கு இது தெரிஞ்சதே ஒரு மெல்லிசைக் கச்சேரியிலதான். வைகாசித் தேர் சமயம், தொண்ணூறுகள் கடைசின்னு வச்சிக்குங்க, எங்க தெரு முனையில ரெண்டு டிராக்டர் டிரெய்லரை சேத்துப் போட்டு மேல பலகை அடிச்சி மேடை. இளையராஜாவும் தேவாவுமா போயிட்டு இருக்கசொல்ல கூட்டத்துலேர்ந்து ஒரு துண்டுச் சீட்டு போவுது, பாடகர் பிரிச்சி பாத்துட்டு கீபோர்டுகாரரை பாக்கறாரு, அவரு உதட்ட பிதுக்கறாரு. சீட்டுல "குற்றம் புரிந்தவன்"னு எழுதியிருக்கு, ரத்தக்கண்ணீர் படத்துல ஜெயராமன் பாடுன பாட்டு. சரி, அடுத்த பாட்டுக்கு போயிடுவாங்கன்னு பாத்தா பின்னாடி தபேலா வாசிச்சிட்டு இருந்த பெரியவரு வெத்தலைய ஓரமா துப்பிட்டு, மைக்கை தன் வாய் உயரத்துக்கு எறக்கி, கீபோர்டு பையன்கிட்ட ஒரே ஒரு கட்டைய காட்டி இத அமுக்கி புடிச்சிக்கோ, கைய எடுக்காதன்னு சொல்லிட்டு உக்காந்தமேனிக்கே ஆரம்பிச்சாரு பாருங்க. அந்த மூக்குல ஏறி வர்ற கனத்த குரலு அப்படியே. நடுநடுவுல எம்.ஆர்.ராதா பேசுற வசனத்த அறிவிப்பாளர் எடுத்து விட்டாரு, அவருக்கு எல்லாம் மனப்பாடம். முன்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க கூட எழுந்து போவல.

கச்சேரி முடிஞ்சி சாமான் கட்டசொல்ல அவருகிட்ட போயி பேச்சு குடுத்தேன். 1954ல வந்த ரத்தக்கண்ணீர் பாட்டுக்கு மெட்டு போட்டதும் ஜெயராமன்தான், பராசக்தி ரத்தக்கண்ணீர் ரெண்டுக்கும் டைரக்‌ஷன் கிருஷ்ணன் பஞ்சு, சம்பூர்ண ராமாயணத்துல ராவணனுக்கு "வீணைக் கொடியுடைய வேந்தனே"வும் இவருதான்னு தபேலாவுக்கு உறை மாட்டிக்கிட்டே சொல்லிட்டு போறாரு. ஒரே குரலு, சிவாஜிக்கும் பொருந்துது, எம்.ஆர்.ராதாவுக்கும் பொருந்துது, ராவணனுக்கும் பொருந்துது. அதுக்கப்புறம் நான் அந்த குரல தேடி அலைய ஆரம்பிச்சதுதான்.

கேசட் பைத்தியம்:
தம்பி, நீங்க அலஞ்சீங்க, நான் காசு குடுத்து அலஞ்சேன். பாண்டியில ஒரு சந்துக்குள்ள ரெக்கார்டிங் சென்டர் இருந்துச்சி, கடை பேர் வேணாம். கோடு போட்ட நோட்டுல பாட்டு லிஸ்ட் இருக்கும், நம்பர் எழுதி குடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சி போவணும். சிக்ஸ்டி கேசட்டுன்னா ஒரு பக்கம் அரை மணி நேரம், கடைசி பாட்டு பாதியில வெட்டுப்படும், கேட்டா "அது சாம்பிள் சார்"ம்பான். அந்தாளுக்கு ஒரு சட்டம் வேற, எம்.எஸ்.வி. பாட்டையும் இளையராஜா பாட்டையும் ஒரே கேசட்டுல போட மாட்டான், நீ காசு எவ்ளோ குடுத்தாலும் சரி. ஆனா பதிவு பண்ணி முடிச்சதும் கேசட் முதுகுல இருக்கற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டையும் ஸ்க்ரூடிரைவரால ஒடச்சி விட்டுடுவான், வீட்ல யாரும் மேல வேற பதிஞ்சிடக் கூடாதுன்னு. அந்த புண்ணியத்துல "காவியமா நெஞ்சின் ஓவியமா"வும் "விண்ணோடும் முகிலோடும்" பாட்டும் இன்னிக்கும் எங்கிட்ட இருக்கு, பிளேயர்தான் இல்ல. முதல் பாட்டு பாவை விளக்கு 1960, அடுத்தது புதையல் 1957, ரெண்டுலயும் கூட பாடுனது சுசீலாம்மா.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பிங்களா, சிதம்பரம்னு சொல்லிட்டு தண்டபாணி தேசிகரை விட்டுட்டீங்களே. 1942ல வந்த ஜெமினி நந்தனார்ல நடிச்சிப் பாடுனவரு, பின்னாடி அண்ணாமலை பல்கலைக்கழகத்துல இசைத் துறைக்கே தலைவரா இருந்தாரு. எங்க ஸ்கூல்ல பாட்டு சொல்லிக் குடுத்த டீச்சர் அங்க படிச்சிட்டு வந்தவங்க. ஏப்ரல் 29 பாரதிதாசன் பொறந்த நாளு வந்தா போதும், எல்லாரையும் நிக்க வச்சி "துன்பம் நேர்கையில்" பாட வச்சிடுவாங்க, தேஷ் ராகம், மெட்டு தேசிகர் போட்டது. எழுதுன பாரதிதாசன் எங்க பாண்டி பெருமாள் கோயில் தெருக்காரரு, மெட்டு போட்டவரு உங்க பக்கத்துல வேலை பாத்தவரு, இதுல பாதிப் பெருமை எங்களுக்கு, அத விட்டுக் குடுக்க முடியாது.

சினிமாவுல அது வந்தது 1951ல, ஓர் இரவு, அண்ணாவோட கதை. பாடுனது எம்.எஸ்.ராஜேஸ்வரியும் வி.ஜே.வர்மாவும். அந்த ராஜேஸ்வரிதான் மறுவருஷம் பராசக்தியில "ஓ ரசிக்கும் சீமானே" பாடுனாங்க, ரெண்டு படத்துக்கும் மியூசிக் சுதர்சனம். அதே குரலு 1960ல களத்தூர் கண்ணம்மாவுல சின்னப்புள்ள கமலுக்கு "அம்மாவும் நீயே" பாடுது. மூணையும் வரிசையா போட்டுக் கேளுங்க, ஒரே ஆளுன்னு உங்க வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க.

எங்க டீச்சர் சொல்லிக் குடுக்கசொல்ல ஒரு விஷயம் பண்ணுவாங்க, "யாழெடுத்து நீ" எடத்துல வர்ற இழுப்ப யாராவது சினிமாவுல வர்ற மாதிரி கொழைஞ்சா ஸ்கேலால மேஜைய ஒரு தட்டு தட்டுவாங்க. எனக்கு இப்பவும் அந்த எடம் வந்தா முதுகு தானா நிமிந்துக்கும்.

பரங்கிப்பேட்டை பாய்:
எங்க வீட்ல டேப்பு, கேசட்டு எல்லாம் ரொம்ப லேட்டு. எங்களுக்கு இலங்கை வானொலிதான். கடலோரம்கறதால சாயங்காலத்துக்கு மேல சென்னைய விட கொழும்பு பளிச்சுனு எடுக்கும். படம், பாடகர், மியூசிக், எழுதுனவர் எல்லாத்தையும் சொல்லிட்டுதான் பாட்டு போடுவாங்க, எங்க வாப்பா ஸ்கூல் பக்கமே போவாதவரு, எந்தப் பாட்டு யாரு எழுதுனதுன்னு டக்குனு சொல்லுவாரு. அப்துல் ஹமீது பாட்டுக்குப் பாட்டு நடத்துனா எங்க தெருவுலயும் தனியா ஒரு பாட்டுக்குப் பாட்டு நடக்கும், சண்டையும் நடக்கும்.

கல்யாண வீடுன்னா நாகூர் ஹனீபா. "இறைவனிடம் கையேந்துங்கள்" போட்டாதான் பந்தல்ல ஆளு சேரும். இதுல வேடிக்கை என்னன்னா பக்கத்துல மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக்காரருகிட்டதான் நாங்களும் குழாய் வாடகைக்கு எடுப்போம், அவரு ரெக்கார்டு பெட்டியில ஹனீபாவும் சீர்காழியும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். எது மேல கெடக்குதோ அத போட்டுடுவாரு, எங்க மாமா கல்யாணத்துக்கு மாப்ள ஊர்வலம் சீர்காழியோட முருகன் பாட்டுலதான் கெளம்புச்சி. யாரும் ஒண்ணும் சொல்லல, வாப்பா மட்டும் போயி வால்யூம கொஞ்சம் கொறைக்கச் சொன்னாரு.

கேசட் பைத்தியம்:
பாய், சூப்பர். ஆனா ஏ.எம்.ராஜாவ ஒருத்தரும் தொடலியே. கல்யாணப் பரிசு, 1959, பாட்டும் அவரே மியூசிக்கும் அவரே. எங்க தெருவுல அந்தப் படத்துப் பாட்டால ஒரு கல்யாணமே நின்னு போச்சி, அத தனியா எழுதறேன், இப்ப இங்க கரண்ட் போவற நேரம்.