ஏறிக் குதிக்க ஒரு கால்சட்டை

குழு: நம்ம வீடு

வித்யா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. நிலாவுக்கு ஏழு வயது ஆகப் போகிறது. ஓடி ஆடி விளையாடப் போடுகிற மாதிரி உடை எங்கேயும் கண்ணில் படவில்லை. பெண் குழந்தைகள் பகுதிக்குப் போனால் ஒரு பக்கம் வலையும் கல்லும் வைத்த கவுன். இன்னொரு பக்கம் பெரியவர்கள் பார்ட்டிக்குப் போடுவதைச் சுருக்கி வைத்த மாதிரி தோள் இல்லாத மேல்சட்டை, தொடை தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும் ஷார்ட்ஸ். நடுவில் ஒன்றுமே இல்லையா?

வித்யா: பூங்காவில் ஏணி ஏறும்போது ஒரு கையால் கவுனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் ஏறுகிறாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கார்த்திக்: என் பழைய டீ-சர்ட் ஒன்று இருக்கிறது அக்கா. அவளுக்குக் கணுக்கால் வரை வரும்.

வித்யா: அதில் இருக்கும் ஓட்டைகளில் எது கழுத்து என்று அவள் தேட வேண்டியிருக்கும். வேறு யாராவது உருப்படியாகச் சொல்லுங்கள்.

சுதா: பையன்கள் பகுதிக்குப் போ வித்யா. நான் இனியாவுக்குப் பாதி உடை அங்கேதான் எடுக்கிறேன். '6-7 வயது' என்று ஒட்டியிருந்த இரண்டு ஷார்ட்ஸ், கவினுடைய பழையது ஒன்று, இனியாவுடையது ஒன்று, கட்டிலில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இடுப்பு ஒரே அளவு. அவனுடையது முழங்காலைத் தொடும். இவளுடையது அதில் பாதிகூட இல்லை.

சுதா: (படம்)

கார்த்திக்: அண்ணி, இது ஒரே வயதுக்கா? நம்பவே முடியவில்லை.

ராகவன்: இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஏற்றுமதி ஆடைகளுக்குத் தரம் பார்த்த காலம் முழுக்க இதைத்தான் பார்த்தேன். உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஏழு வயதில் பையனின் நடுத்தர உயரம் 121.7 செ.மீ., பெண்ணுக்கு 120.8. ஐந்து வயதில் 110, 109.4. ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இந்த வயதில் இடுப்பு, மார்பு அளவுகளிலும் பெரிதாக வேறுபாடு கிடையாது. பருவ வயதில்தான் உடல் அமைப்பு பிரியத் தொடங்கும். அதற்கு முன்பே பேட்டர்னில், அதாவது துணி வெட்டும் மாதிரி அச்சிலேயே, பிரித்துவிடுகிறார்கள். பெண் குழந்தைக்கு இடுப்பு ஒட்டி, கை சின்னதாக, கால் குட்டையாக.

வித்யா: அப்படியானால் பையன் அளவு அவளுக்கு அப்படியே பொருந்துமா மாமா?

ராகவன்: பெரும்பாலும் பொருந்தும். வயதைப் பார்க்காதே, உயரத்தைப் பார். சில தயாரிப்புகளில் சென்டிமீட்டரிலேயே போட்டிருப்பார்கள். அதுதான் நம்பகமானது. இல்லையென்றால் நன்றாகப் பொருந்தும் பழைய உடையை அளந்து எழுதிக்கொண்டு போ.

கோமதி: எல்லாம் சரி. ஆனால் பையன் பகுதியில் இருப்பதெல்லாம் கருநீலம், சாம்பல், டைனோசர், லாரி. நிலாவுக்கு ரோஸ் நிறம் உயிர். அவளை யாராவது கேட்டீர்களா?

வித்யா: அதுதான் பெரியம்மா பிரச்சினை. ஒரு முறை எடுத்துக் கொடுத்தேன். "இது பையன் சட்டை" என்று வகுப்பில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அப்புறம் தொடவே இல்லை.

கோமதி: அவள் சொல்வதில் தப்பில்லையே. ரோஸ் நிறத்தைப் பிடிக்கும் குழந்தை மரம் ஏறக்கூடாதா? நிறத்தை அவளிடம் விட்டுவிடு. நீளம், துணி, தையல் இதை மட்டும் நீ பார்.

சுதா: பெரியம்மா சொல்வது உண்மைதான். இனியாவும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் எதுவும் இல்லாத பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எடுத்து, இஸ்திரி போட்டு ஒட்டும் சின்ன ஒட்டுப் படங்களை அவள் கையில் கொடுத்துவிட்டேன். வண்ணத்துப்பூச்சியை முழங்காலில் ஒட்டிக்கொண்டாள். முழங்கால்தான் முதலில் கிழியும், அதனால் எனக்கும் லாபம்.

சுதா: ஆனால் அவளை மொத்தமாகச் சம்மதிக்க வைத்தது பாக்கெட். கூழாங்கல், விதை, சாக்குக்கட்டி, இன்னும் என்னென்னவோ. துவைக்கப் போடும் முன் நான்தான் காலி செய்ய வேண்டியிருக்கிறது.

வித்யா: நிலாவின் லெகிங்ஸ் ஒன்றிலும் பாக்கெட் இல்லை. ஒன்றில் இருப்பது போலத் தெரிந்தது. கையை விட்டால் வெறும் தையல் கோடு.

கார்த்திக்: அது பெரிய பெண்களுக்கும் அப்படித்தான் அக்கா. 2018ல் 'தி புடிங்' என்ற இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை எடுத்து அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. பாதி! நிலாவுக்கு இப்போதே பயிற்சி கொடுக்கிறார்கள்.

கோமதி: நீ சொல்வதிலும் சில நேரம் விஷயம் இருக்கிறது கார்த்திக்.

கோமதி: வித்யா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவ்வளவு குட்டை ஷார்ட்ஸ் வேண்டவே வேண்டாம். முழங்கால் வரையாவது இருக்கட்டும்.

வித்யா: கோபமில்லை பெரியம்மா. ஆனால் "காலை மூடு, ஒழுங்காக உட்கார்" என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் உடம்பைப் பற்றி அவளே வெட்கப்பட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தோள் தெரியும் மேல்சட்டை எனக்குப் பிடிக்காததும் அதே காரணத்துக்காகத்தான். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பை அந்த உடையே கொண்டுவந்துவிடுகிறது. பாதி நேரம் அதை இழுத்துச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

கோமதி: நான் வெட்கத்தைச் சொல்லவில்லை அம்மா. வெயிலில் காய்ந்த சறுக்கில் வெறும் தொடை பட்டால் என்ன ஆகும்? இரும்பாக இருந்தால் சுடும், பிளாஸ்டிக்காக இருந்தால் தோல் ஒட்டிக்கொண்டு இழுக்கும். மணலில் முழங்காலால் தவழ்கிறாள், சிமென்ட் தரையில் விழுகிறாள். துணி இருந்தால் துணி கிழியும், இல்லாவிட்டால் தோல். அவ்வளவுதான்.

வித்யா: அப்படிச் சொன்னால் நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன்.

சுதா: வாசகம் போட்ட டீ-சர்ட்டையும் படித்துப் பார்த்து எடு. பையன் பகுதியில் 'சாகசம்', 'புயல்' என்று இருக்கும். இந்தப் பக்கம் 'அழகி', 'குட்டி இளவரசி'. இன்னும் மோசமானவையும் உண்டு, காதல் வசனம் மாதிரி. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. முதலில் படிப்பது தன் சட்டையைத்தான்.

ராகவன்: சரி, கடையில் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராகவன்: முதலில் உள்பக்கத்தைத் திருப்பு. வெளியே எவ்வளவு மினுக்கினாலும் உள்ளே ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாமல் சுற்றிப் போடும் தையல், ஒழுங்காக இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார். தையலின் இரு பக்கமும் பிடித்து லேசாக இழு. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது சீக்கிரம் விட்டுவிடும். அடுத்து, கையை மடக்கி விரல் முட்டியின் மேல் துணியை இழுத்துப் பிடி. தோல் நிறம் தெரிந்தால் முழங்காலிலும் அப்படித்தான் தெரியும், அங்கேதான் முதலில் ஓட்டை விழும். லெகிங்ஸ் என்றால் பருத்தியோடு ஐந்து சதவீதம் லைக்ரா கலந்தது போதும். துணி 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பக்கம் இருந்தால் நல்லது. டீ-சர்ட்டுக்கு 160, 180 தாராளம்.

ராகவன்: அதைவிட முக்கியம் கவட்டைப் பகுதி. நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தால், காலை அகட்டும்போது இழுப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் விழும். அங்கே வைர வடிவில் ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் இழுப்பு பரவிவிடும். மலையேறுகிறவர்களின் கால்சட்டையில் இது பெரும்பாலும் இருக்கும். ஏணி ஏறுகிற குழந்தைக்கும் அதே வேலைதானே.

கார்த்திக்: மாமா தட்டச்சு செய்கிறார்... மாமா தட்டச்சு செய்கிறார்... மாமா தட்டச்சு செய்கிறார்...

ராகவன்: சும்மா இரு. இன்னொன்று இருக்கிறது. கயிறு. சட்டையோடு சேர்ந்த தலைமறைப்பில் (ஹூட்) தொங்கும் கயிறு, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற ரிப்பன், இதெல்லாம் விளையாட்டு உடையில் வேண்டாம். சறுக்கின் மேலே இருக்கும் இடுக்கில் கயிறு மாட்டி, குழந்தை கீழே சறுக்கும்போது கழுத்தை இறுக்கியிருக்கிறது. உயிர்ச்சேதமும் ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் 1996லேயே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் ஈஎன் 14682 என்ற தர விதிப்படி ஏழு வயதுக்குக் கீழ் கழுத்திலும் தலைமறைப்பிலும் கயிறே கூடாது. நாங்கள் ஒரு சென்டிமீட்டர் மீறினாலும் மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைப்போம்.

வித்யா: அவளுடைய மழை ஜாக்கெட்டில் இருக்கிறது மாமா. இப்போதே உருவிவிடுகிறேன்.

ராகவன்: உருவிவிடு. ஏழைத் தாண்டினாலும் வேண்டாம். இடுப்பிலும் கயிற்றைவிட, உள்ளே பட்டன் போட்டு இறுக்குகிற எலாஸ்டிக் நல்லது. வளர வளரத் தளர்த்திக்கொள்ளலாம்.

சுதா: போட்டுப் பார்க்க முடிந்தால் கண்ணாடி முன் நிற்க வைக்காதே வித்யா. குத்துக்காலிட்டு உட்காரச் சொல், பின்பக்கம் இடுப்பு இறங்குகிறதா பார். இரண்டு கையையும் தூக்கச் சொல், வயிறு தெரிகிறதா பார். ஒரு பெரிய தாவல். அப்புறம் அவளையே கேள், எங்கேயாவது பிடிக்கிறதா என்று. இனியா "இது கடிக்கிறது" என்று சொன்ன எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பயனில்லை, அலமாரியிலேயே தூங்கும்.

வித்யா: கவுனை மொத்தமாக விட்டுவிட வேண்டுமா? அவளுக்குச் சுற்றினால் விரிய வேண்டும். அந்த ஆசையையும் கெடுக்க மனமில்லை.

கோமதி: எதற்கு விட வேண்டும்? பருத்தியில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே முடிகிற கவுன், உள்ளே ஷார்ட்ஸ். முழங்காலுக்குக் கீழே போனால்தான் ஏணியில் தன் கவுனைத் தானே மிதிப்பாள். வலைத்துணி, கல், பின்னால் கட்டும் நாடா, இவை வீட்டு விசேஷத்துக்கு மட்டும்.

சுதா: பள்ளியிலும் உள்ளே ஷார்ட்ஸ் போட்டு அனுப்பு. 2024ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 135 நாடுகள், பகுதிகளின் தரவுகளைப் பார்த்தார்கள். பெரும்பாலான பள்ளிகளில் சீருடை இருக்கும் நாடுகளில், உலக சுகாதார அமைப்பு சொல்லும் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிட உடல் இயக்கத்தை எட்டுகிற பிள்ளைகள் குறைவு. ஆரம்பப் பள்ளி வயதில் பெண் குழந்தைகளுக்கும் பையன்களுக்கும் இடைவெளியும் அங்கே அதிகம்.

கார்த்திக்: அதற்குச் சீருடைதான் காரணம் என்று நிரூபித்தார்களா அண்ணி?

சுதா: இல்லை, தொடர்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னார்கள். ஆனால் பாவாடை போட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கிப் பார்த்தால் காரணம் உனக்கே புரியும்.

கார்த்திக்: பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வித்யா: நீச்சலுக்கு? அங்கேயும் இரண்டு துண்டு உடைதான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ராகவன்: கை வைத்த மேல்சட்டை, கால் வைத்த நீச்சல் ஷார்ட்ஸ். துணி வெயிலைத் தடுக்கும் அளவான யு.பி.எஃப். 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். சாதாரண மெல்லிய வெள்ளை டீ-சர்ட் அந்த அளவுக்குத் தடுக்காது, நனைந்தால் இன்னும் மோசம். நிறம் மட்டும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சோ அடர் ரோஸோ எடு. நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது.

கோமதி: பார்த்தாயா, ரோஸுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

சுதா: வித்யா, கவினுக்குச் சின்னதாகிப் போன கால்சட்டைகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. நன்றாகத் துவைத்து மிருதுவாகிவிட்டன. இனிமேல் சுருங்காது, சாயமும் போகாது. கொடுத்து அனுப்பட்டுமா? முழங்காலில் ஒட்டுப் போட்டவையும் இருக்கும், பரவாயில்லையா?

வித்யா: தாராளமாக அண்ணி. ஒட்டுப் போட்டதைத்தான் முதலில் எடுப்பாள்.

கோமதி: மீதிக்கு நான் தைத்துத் தருகிறேன். துணியை அவளே தேர்ந்தெடுக்கட்டும், முன்கூட்டியே தண்ணீரில் நனைத்துக் காயவைத்து அனுப்பு. பருத்தி பிறகு சுருங்கினால் உழைப்பெல்லாம் வீண். இடுப்புச் சுற்றளவு, இருக்கைச் சுற்றளவு, வெளிக்கால் நீளம், அப்புறம் முன் இடுப்பிலிருந்து கால்களுக்கு நடுவே போய்ப் பின் இடுப்பு வரை ஓர் அளவு. இந்தக் கடைசி அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதனால்தான் உட்கார்ந்தால் பின்னால் இறங்குகிறது. நிற்க வைத்தும் எடு, நாற்காலியில் உட்கார வைத்தும் எடு.

ராகவன்: அக்கா, அந்த வைரத் துண்டு?

கோமதி: வைக்கிறேன் ராகவா. நீ உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய் என்று தெரியாதா?

வித்யா: நிலாவிடம் சொன்னேன். அவள் பேசியதை அனுப்புகிறேன், கேளுங்கள்.

வித்யா: (குரல் செய்தி)

கார்த்திக்: நான்கு பாக்கெட்டா?! அதில் ஒன்று மூடி வைத்ததா?

வித்யா: நத்தை ஓட்டுக்காம். வெளியே விழுந்துவிடக் கூடாதாம்.

கோமதி: வெறும் ஓடா, உள்ளே நத்தையும் இருக்கிறதா என்று முதலில் கேட்டுச் சொல். அதற்குத் தகுந்த மாதிரி பட்டன் வைக்கிறேன்.