சொட்டுநீர் தக்காளி இலையாகவே போகிறது, பூவைக் காணோம்

கள்ளிமந்தயம் தோட்டம்:
வணக்கங்க. ஒட்டன்சத்திரம் பக்கம், செம்மண் காடு. ஒரு ஏக்கர் வீரியத் தக்காளி, நட்டு 45 நாள். பாதிக்கு இந்த வருடம்தான் சொட்டுநீர் போட்டேன், மீதி பழைய வாய்க்கால் பாசனம். ஒரே நாற்று, ஒரே நாள் நடவு. வாய்க்கால் பக்கம் செடி குட்டை, ஆனால் கொத்துக் கொத்தாகப் பூ. சொட்டுநீர்ப் பக்கம் இடுப்பைத் தொடுகிறது, கரும்பச்சை, பூவைத் தேட வேண்டியிருக்கிறது. லைன் கடைசிச் செடிகள் மட்டும் வெளுத்து நிற்கின்றன. சொட்டுக் குழாயில் உரக்கரைசலை இழுத்து விடும் வெஞ்சுரியில் ஒவ்வொரு முறையும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் 19 சதவீதம் உள்ள கரையும் உரம்) மூன்று கிலோ, யூரியா ஐந்து கிலோ. இதுவரை 10 முறை விட்டாச்சு. உர டேங்க் காலியானதும் மோட்டாரை அணைத்துவிடுவேன். அப்பா தினமும் வரப்பில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார். அதுதான் தாங்கவில்லை.

சொட்டுக்காரர்:
தம்பி, கணக்குப் போடுங்க. ஐந்து கிலோ யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 2.3 கிலோ, 19:19:19-இல் 0.57. ஒரு முறைக்கு 2.87 கிலோ, பத்து முறைக்குக் கிட்டத்தட்ட 29. பூவுக்கும் காய்க்கும் வேண்டிய சாம்பல்சத்து (பொட்டாஷ்) ஆறு கிலோகூட இல்லை! வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் 200:250:250 கிலோ. உங்கள் அரை ஏக்கருக்குத் தழை 40, சாம்பல் 50 என்று வரும், அதுவும் பயிர்க்காலம் முழுவதற்கும். வாய்க்காலில் போடும் யூரியாவில் ஒரு பங்கு தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், இங்கே நேராக வேருக்கே போகிறது. பிறகு செடி இலை விடாமல் என்ன செய்யும்? யூரியாவை நிறுத்துங்க. சாம்பல்சத்துக்கு 13:0:45 அல்லது வெள்ளைப் பொட்டாஷ் விடுங்க. சிவப்புப் பொட்டாஷ் வேண்டாம், கரையாத கசடு, தண்ணீர் சொட்டுகிற டிரிப்பரை அடைக்கும். அப்புறம், முதலில் வெறும் தண்ணீர் ஓடி லைன் நிறையட்டும், பிறகு உரம், கடைசியில் இன்னொரு 15 நிமிடம் வெறும் தண்ணீர். டேங்க் காலியானவுடன் அணைத்தால் கடைசிச் செடிக்கு உரம் போய்ச் சேராது. அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் போட்டீர்களா?

கள்ளிமந்தயம் தோட்டம்:
இல்லைங்க அண்ணா. எல்லாம் பைப்பிலேயே போய்விடும் என்று கடையில் சொன்னார்கள்.

சொட்டுக்காரர்:
சூப்பர் பைப்பில் போகாது. மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) முக்கால் பங்கு நடவுக்கு முன்பே மண்ணில் விழுந்திருக்க வேண்டும். இப்போதைக்கு மணிச்சத்து மிகுந்த, கரையும் உரம் 12:61:0 கொஞ்சம் விட்டுச் சமாளிங்க.

கத்தரிக்காட்டு அக்கா:
காய் பிடித்ததும் கால்சியம் நைட்ரேட் விடுவீர்கள். அதைத் தனி நாளில் விடுங்க தம்பி. நான் இரண்டு வேலை எதற்கென்று 12:61:0 கூடவே கலக்கிவிட்டேன். டேங்கில் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது, கரைந்துவிடும் என்று நினைத்துத் திறந்தும் விட்டேன். மூன்று நாள் ஊசியும் கையுமாக டிரிப்பர் டிரிப்பராகக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கள்ளிமந்தயம் தோட்டம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். கடைசி வரிசை பச்சை பிடித்துவிட்டது. மேல் கொழுந்தில் பூங்கொத்து தெரிகிறது, ஆனால் முதல் இரண்டு கொத்து போனது போனதுதான். மிச்ச யூரியா மூட்டையை வாய்க்கால் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்: “அங்கயாச்சும் அளந்து போடு.”