மீட்டரில் அசையாத 3.3 வோல்ட், ஸ்கோப்பில் 200 மில்லிவோல்ட் முட்கள்: எதை நம்புவது?

மின்மினி:
வணக்கம். முதன்முதலாக ஒரு டிஜிட்டல் ஸ்கோப் (வோல்டேஜ் நேரத்தோடு மாறுவதை அலையாக வரையும் ஆசிலோஸ்கோப்) வாங்கியிருக்கிறேன். தொடக்க நிலை மாடல்தான். இரண்டு சேனல், 100 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு 1 கிகா சாம்பிள் (100 கோடி அளவுப் புள்ளி), 24 ஆயிரம் புள்ளி மெமரி.

வாங்கிய காரணம் இதுதான். பிரெட்போர்டில் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் வைஃபை மாட்யூலும் இருக்கின்றன. 12 வோல்ட் அடாப்டரில் இருந்து ஒரு பக் கன்வெர்ட்டர் (வேகமாக ஸ்விட்ச் ஆகி வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) 3.3 வோல்ட் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கன்ட்ரோலர் தானாக ரீசெட் ஆகிறது. மல்ட்டிமீட்டர் வைத்தால் 3.3 அசையாமல் நிற்கிறது.

ஸ்கோப்பை மாட்டியதும் குழப்பம் கூடிவிட்டது. முதலில் 3.3 வோல்ட்டை 33 என்று காட்டியது. அப்புறம் 2 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை 200 மில்லிவோல்ட் உயரத்துக்கு முள்முள்ளாகக் கிளம்புகிறது. அவுட்புட் கெபாசிட்டரை இரண்டு முறை மாற்றியும் அந்த முள் துளியும் குறையவில்லை. இன்னொரு பின்னில் 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வருமாறு புரோகிராம் எழுதினேன். அது ஏதோ 14 ஹெர்ட்ஸ் போல மெதுவாக ஏறி இறங்குகிறது. ஸ்கோப்பே பழுதா? அடாப்டருக்குள் மெயின்ஸ் (வீட்டுக் கரண்ட்) பக்கத்திலும் புரோப் (ஸ்கோப்பின் அளக்கும் முனையும் வயரும்) வைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய_குழல்:
தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில். வேண்டாம். உங்கள் புரோப்பின் கிரவுண்ட் கிளிப், ஸ்கோப்பின் உடல், பிளக்கின் எர்த் பின் மூன்றும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. அடாப்டரின் மெயின்ஸ் பக்கத்தில் கிளிப்பை மாட்டினால் எர்த்துக்கு நேரடி ஷார்ட். கிளிப் உருகும், ஸ்கோப் போகும், உங்களுக்கும் ஆபத்து. எர்த் பின்னை எடுத்துவிட்டுச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது ஸ்கோப்பின் உலோகப் பாகம் முழுக்க மெயின்ஸ் வோல்டேஜில் நிற்கும். அந்த வேலைக்கு, எர்த்தோடு சேராமல் இரண்டு புள்ளிக்கு நடுவிலான வித்தியாசத்தை மட்டும் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் என்று தனியாக இருக்கிறது. உங்கள் கோளாறுக்கு அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

சாலிடர்புகை:
ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது. 33 வோல்ட் விஷயம் எளிது. புரோப்பில் உள்ள சின்ன ஸ்விட்ச் 1எக்ஸில் (சிக்னலை அப்படியே அனுப்பும் நிலை) இருக்கும், சேனல் மெனுவில் 10எக்ஸ் (புரோப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்புகிறது என்று எண்ணிப் பத்தால் பெருக்கும் நிலை) என்று இருக்கும். இரண்டையும் 10எக்ஸாக்குங்கள். 1எக்ஸில் பல புரோப்கள் 6 மெகாஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். சர்க்யூட்டின் மேல் சுமார் 100 பிக்கோஃபேரட் சுமையையும் ஏற்றும். 10எக்ஸில் சுமை பத்துப் பதினைந்து பிக்கோஃபேரட்தான்.

மாற்றிய கையோடு ஸ்கோப் முகப்பில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் புரோப்பை மாட்டி, புரோப்பில் உள்ள டிரிம்மர் திருகைச் சரிசெய்யுங்கள். மேல்விளிம்பு தட்டையாக இருக்க வேண்டும். மூலை கூர்ந்து எழும்பினாலும் தவறு, உருண்டு சரிந்தாலும் தவறு. இரண்டு புரோப்புக்கும் அதனதன் சேனலில் தனித்தனியாகச் செய்யுங்கள்.

14 ஹெர்ட்ஸ் என்பது பொய் அலை. டைம்பேஸ் (திரையில் குறுக்காக ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பது) எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

மின்மினி:
கட்டத்துக்கு 20 மில்லி விநாடி. திரையில் 12 கட்டம்.

சாலிடர்புகை:
அதுதான். 12 கட்டம் சேர்ந்தால் 240 மில்லி விநாடி. அத்தனை நேரத்தையும் 24 ஆயிரம் புள்ளிக்குள் அடைக்க வேண்டும் என்பதால் ஸ்கோப் தானாக வேகத்தைக் குறைத்து விநாடிக்கு 1 லட்சம் சாம்பிள்தான் எடுக்கிறது. பெட்டியில் அச்சடித்த 1 கிகா அந்த நேரத்தில் இல்லவே இல்லை. உங்கள் கிளாக் பத்துச் சுற்று முடித்த பிறகு ஒரு புள்ளி. ஸ்கோப்பின் கடிகாரமும் போர்டின் கடிகாரமும் நூலிழை அளவு ஒத்துப்போகாததால் ஒவ்வொரு புள்ளியும் அலையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விழுகிறது. 10 லட்சத்தில் 14 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், சரியாக 14 ஹெர்ட்ஸ் தெரியும்.

டைம்பேஸைக் கட்டத்துக்கு 1 மைக்ரோ விநாடியாக்குங்கள், உண்மையான அலை வந்துவிடும். சந்தேகம் வரும்போதெல்லாம் டைம்பேஸ் குமிழை இரண்டு படி திருப்பிப் பாருங்கள். நிஜ அலையின் அதிர்வெண் மாறாது. பொய் அலை வேறு எண்ணுக்குத் தாவும். திரையின் ஓரத்தில் சாம்பிள் வேகம் சிறிய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேல் ஒரு கண் இருக்கட்டும். இரண்டாவது சேனலைத் திறந்தால் பெரும்பாலான தொடக்க நிலை மாடல்களில் அந்த வேகம் பாதியாகும்.

பழைய_குழல்:
முள்ளுக்கு வருவோம். கெபாசிட்டரை மறுபடி மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. புரோப்பின் முனையை அதே புரோப்பின் கிரவுண்ட் கிளிப்பிலேயே கடித்து வையுங்கள். போர்டில் எதையும் தொட வேண்டாம். அப்போது கிரவுண்ட் வயர் ஒரு வளையமாகும், அந்த வளையத்தை கன்வெர்ட்டரின் காயிலுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடியுங்கள். என்ன தெரிகிறது?

மின்மினி:
அண்ணா, நம்பவே முடியவில்லை. எதையும் தொடாமலேயே அதே முட்கள்! வளையத்தைத் திருப்பினால் சிறிதாகிறது, காயிலுக்கு மேலே கொண்டுபோனால் 150 மில்லிவோல்ட் வரை வருகிறது.

பழைய_குழல்:
அப்படியானால் நீங்கள் அளந்ததில் பெரும்பகுதி உங்கள் கிரவுண்ட் வயரைத்தான். அந்த 15 சென்டிமீட்டர் வயர் ஒரு ஆன்டெனா வளையம். அதோடு அதற்கு சுமார் 150 நானோஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கிறது. புரோப்பின் 12 பிக்கோஃபேரட்டோடு சேர்ந்தால் ஏறக்குறைய 120 மெகாஹெர்ட்ஸில் மணி போல அதிரும். கன்வெர்ட்டர் ஒவ்வொரு முறை ஸ்விட்ச் ஆகும்போதும் அந்த மணியை அடிக்கிறது.

புரோப்போடு வந்த சின்னப் பையில் ஸ்பிரிங் போல வளைந்த ஒரு கம்பி இருக்கும். பலரும் என்னவென்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. புரோப்பின் தொப்பியைக் கழற்றி, முனைக்குப் பின்னாலுள்ள உலோக வளையத்தில் அதைச் செருகுங்கள். முனையை அவுட்புட் கெபாசிட்டரின் ஒரு காலிலும் ஸ்பிரிங்கை மறு காலிலும் வைத்து அழுத்துங்கள். ஏசி கப்ளிங் (நிலையான 3.3-ஐ விலக்கி ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும் அமைப்பு), கட்டத்துக்கு 20 மில்லிவோல்ட். வோல்ட்/கட்டம் பெரிதாக இருந்தால் ரிப்பிள் (சப்ளையின் மேல் ஓடும் சிறு அலை) தெரியாது. ஸ்கோப் 8 பிட் என்றால் திரையின் உயரமான 8 கட்டத்துக்கும் மொத்தம் 256 படிகள்தான், கட்டத்துக்கு 1 வோல்ட் வைத்தால் ஒரு படியே சுமார் 31 மில்லிவோல்ட்.

மின்மினி:
ஸ்பிரிங் கிடைத்தது. இப்போது ரிப்பிள் 18 மில்லிவோல்ட், மேலே மெல்லிய முள் 30 மில்லிவோல்ட் வரை. இதுவரை நான் குறை சொன்ன கெபாசிட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ரீசெட் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறதே?

சாலிடர்புகை:
அதைப் பிடிக்கத்தான் ஸ்கோப். கன்ட்ரோலரின் சப்ளை பின்னில் முனை, அதன் கிரவுண்ட் பின்னில் கிளிப். டிசி கப்ளிங் (முழு வோல்டேஜையும் காட்டும் அமைப்பு), கட்டத்துக்கு 500 மில்லிவோல்ட், கட்டத்துக்கு 1 மில்லி விநாடி. டிரிகரை (எப்போது பதிவு செய்வது என்ற நிபந்தனையை) இறங்கு விளிம்பில் 3.0 வோல்ட்டில் வைத்து சிங்கிள் அழுத்துங்கள். ஆட்டோவில் விடாதீர்கள். ஆட்டோ, டிரிகர் வராவிட்டாலும் எதையாவது வரைந்துகொண்டே இருக்கும். சிங்கிள் அந்த ஒரு சரிவுக்காகக் காத்திருக்கும். டிரிகர் இடத்தைத் திரையின் நடுவில் வையுங்கள், சரிவுக்கு முன்னால் நடந்ததும் பதிவாகும்.

மின்மினி:
40 நிமிடம் கழித்து விழுந்தது! 3.3-இல் இருந்து 2.55-க்கு இறங்கி, அரை மில்லி விநாடி அங்கேயே இருந்து மேலே வருகிறது. கன்ட்ரோலர் 2.7-க்குக் கீழே போனால் ரீசெட் ஆகும்படி வைத்திருக்கிறேன். வைஃபை அனுப்பத் தொடங்கும் நேரமும் இதுவும் ஒன்றாக வருகின்றன.

பழைய_குழல்:
அருமை. இனி எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். சேனல் 1 கன்வெர்ட்டரின் பிளஸ்ஸில், சேனல் 2 பிரெட்போர்டின் பிளஸ்ஸில். ஆனால் இரண்டு கிளிப்பும் கன்வெர்ட்டரின் கிரவுண்டில்தான். ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் மாட்டினால், ஸ்கோப்புக்குள் அவை ஒன்றுதான் என்பதால், புரோப் வயர்கள் உங்கள் கிரவுண்ட் ஜம்பருக்கு (கன்வெர்ட்டரையும் பிரெட்போர்டையும் இணைக்கும் வயருக்கு) இணையாக ஒரு பாதையாகிவிடும். ஜம்பர்தான் குற்றவாளி என்றால் அது அந்த நேரம் பார்த்து நல்லபிள்ளையாகிவிடும்.

மின்மினி:
சொன்னபடியே செய்தேன். கன்வெர்ட்டர் பக்கம் 3.25-க்குக் கீழே போகவில்லை. பிரெட்போர்டின் பிளஸ் 2.85 வரை விழுகிறது. அப்புறம் சேனல் 2-இன் முனையை மட்டும் பிரெட்போர்டின் கிரவுண்டில் வைத்தேன். பூஜ்ஜியமாக இருக்க வேண்டியது அதே நேரத்தில் 0.3 வோல்ட் எழும்புகிறது! 2.85-இல் இருந்து 0.3 போனால் 2.55, முதலில் பார்த்த அதே எண்.

இரண்டு ஜம்பர் வயரையும் எடுத்துவிட்டு, தடித்த வயரை இரண்டு பக்கமும் சாலிடர் செய்தேன். மாட்யூலின் காலடியில் 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றும் வைத்தேன். இப்போது சரிவு 3.2-க்குக் கீழே வரவில்லை. டிரிகரை 3.0-இல் வைத்து சிங்கிளில் நேற்று மாலையில் இருந்து விட்டிருக்கிறேன். இன்னும் காத்துக்கொண்டே இருக்கிறது.